அத்தையைக் கேட்டியா?

மோர் மிளகாய்ப் பக்குவம் எழுதியதற்கு இந்த முறை நிறையக் கடிதங்கள். நன்றி, சகோதரிகளே! (தயிர் புளிக்காவிட்டால் எலுமிச்சம்பழம் பிழியலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு வருஷம் செய்து பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை.) அந்தக் கடிதங்களுக்கு நடுவே வேறு மாதிரி ஒன்று வந்திருந்தது. "என் பெண் பி.ஏ. முடித்துவிட்டாள். எம்.எஸ்.டபிள்யூ. படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது என்ன படிப்பு? அதற்கு எப்படி அப்ளிகேஷன் போடுவது? பெண் பிள்ளைக்கு ஏற்றதுதானா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

நான் படித்ததோ பிளஸ் டூ. என்னிடம் போய்க் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் பாருங்கள், இந்த வருஷம் எங்கள் வீட்டில் மூன்று மாசமாக இதே பேச்சுத்தான். என் பெண் பி.காம். முடித்துவிட்டு இதற்குத்தான் அப்ளிகேஷன் போட்டாள். அந்த மூன்று மாசத்தில் நான் கற்றுக்கொண்டதையும், பட்டதையும் எழுதுகிறேன். எங்கள் ஊர் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

எம்.எஸ்.டபிள்யூ. என்றால் மாஸ்டர் ஆஃப் சோஷியல் ஒர்க், சமூகப்பணியில் முதுகலைப் பட்டம். சில காலேஜில் இதையே எம்.ஏ. சோஷியல் ஒர்க் என்கிறார்கள். இரண்டு வருஷம், நாலு செமஸ்டர். பி.காம்., பி.எஸ்ஸி., பி.ஏ. தமிழ், எது படித்திருந்தாலும் சேரலாம். ஐம்பது சதவீத மார்க் கேட்பது பல இடங்களில் வழக்கம். அது காலேஜுக்குக் காலேஜ் மாறும், சமூகப் பிரிவுக்கு ஏற்பச் சலுகையும் உண்டு. படிப்பில் பாதி வகுப்புக்கு வெளியேதான். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது பொதுவான ஏற்பாடு. ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம், குடிசைப் பகுதி, முதியோர் இல்லம், சில சமயம் ஜெயில்கூட! போய் வந்து, அன்று பார்த்ததையும் செய்ததையும் ரிப்போர்ட்டாக எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். நடுவில் கிராமத்தில் முகாம் உண்டு. கடைசியில் ஒரு மாதம் போல ஒரே இடத்தில் பயிற்சி. ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும்.

இரண்டாம் வருஷத்தில் பிரிவு எடுக்கச் சொல்வார்கள். மருத்துவமும் மனநலமும் ஒன்று, சமுதாய வளர்ச்சி ஒன்று, குடும்பம் குழந்தைகள் நலம் ஒன்று, மனிதவளம் ஒன்று. கம்பெனி வேலை வேண்டும் என்பவர்கள் மனிதவளத்துக்குப் போகிறார்கள். இது புதுசு இல்லை. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னது. அந்தக் காலத்திலிருந்தே ஆலைகளில் இந்தப் படிப்புக்காரர்களுக்கு இடம் உண்டு.

இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. என் பெண் விஷயத்தைச் சொன்ன அன்று, "பேசாம பி.எட். பண்ணு. வாத்தியார் வேலைன்னா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றுதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், "சேவை செய்யறதுக்கு டிகிரி எதுக்கு? கோயில் அன்னதானத்துக்குப் போய் காய் நறுக்கு. புண்ணியமாவது கிடைக்கும்" என்று ஒரு போடு போட்டார். ஜெயில் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மாமியார் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். அவர் பெட்டியை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் இதே படிப்புப் படித்தவள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்க்கிறாள். தண்ணீர் மோட்டார் சாவி வாங்க வந்தவள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பசிச்சவங்களுக்குச் சோறு போடறது நல்ல காரியம்தான் அண்ணே. நாங்க அவங்களுக்கு ரேஷன் கார்டு ஏன் இல்லை, பிள்ளை ஏன் ஸ்கூலை விட்டு நின்னுச்சுன்னு பார்ப்போம். அதுக்குச் சட்டம் தெரியணும், யார்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியணும். அதைத்தான் ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுக்கறாங்க" என்றாள். இவர் பதில் சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, இந்தப் படிப்புக்கு வயசும் குறைவில்லை என்று. நம் நாட்டில் 1936-லேயே பம்பாயில் டாடா பெயரில் இதற்கென்று ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடும் 1098 என்ற எண், 1996-ல் அங்கே ஒரு களப்பணித் திட்டமாகத் தொடங்கியதுதானாம். சென்னையில் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தொடங்கக் காரணமாக இருந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற அம்மையார். ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண், இருபதுகளிலேயே கணவரை இழந்தவர். எழும்பூரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

சரி, அப்ளிகேஷனுக்கு வருகிறேன். சர்டிபிகேட், போட்டோ எல்லாம் பெரிய விஷயமே இல்லை. எங்களைத் திணற அடித்தது ஒரே ஒரு கேள்விதான். "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஐந்நூறு வார்த்தைகளுக்குள் எழுதுக." இதற்கு ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்று பெயர். எல்லாக் காலேஜிலும் கேட்பதில்லை. ஆனால் எழுதச் சொல்லாத இடத்திலும் இன்டர்வியூவில் முதல் கேள்வி இதுதான் என்றாள் மாடிப் பெண்.

அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கும் கடையில் இதற்கும் ஒரு ரெடிமேட் வைத்திருந்தார்கள். பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்களாம். "சிறு வயது முதலே ஏழை எளியோருக்குத் தொண்டு செய்வதே என் லட்சியம்" என்று ஆரம்பிக்கும். அன்னை தெரசா வருவார், காந்திஜி வருவார், கடைசியில் "வாய்ப்பளித்தால் நாட்டுக்கு உழைப்பேன்" என்று முடியும். எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வரிக்கு வரி நல்ல வார்த்தை! என் பெண் அதை மாடிப் பெண்ணிடம் காட்டினாள். அவள் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இதுல நீ எங்கே இருக்கே? உன்னைத் தவிர எல்லாரும் இருக்காங்க. நீ கண்ணால பார்த்தது எதையாவது எழுது. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

என் பெண் கண்ணால் பார்த்தது எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் உடம்பு சரியில்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்தவள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பாள். சுவரோடு பேசுவாள். குளிக்க மாட்டாள், தூங்க மாட்டாள். டாக்டர்கள் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்னார்கள், தமிழில் மனச்சிதைவு. ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் நாங்கள் போகாத இடம் இல்லை. மந்திரித்தோம், கயிறு கட்டினோம். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே இருந்தபோதுதான் எங்களைப் போல எத்தனை குடும்பம் என்று தெரிந்து மனசு கொஞ்சம் ஆறியது. ஒரு உறவுக்காரர் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். 2001-ல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டியிருந்த 28 பேர் கருகிப்போன செய்தியைப் படித்தவர் என் வீட்டுக்காரர். அன்றைக்குத்தான் அவர் தங்கைக்காகக் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார். அவருக்குப் பின்னால் இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும், ஒரு பெண் கையில் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் நர்ஸ் என்று நினைத்தோம். மருத்துவ சமூகப்பணியாளர் என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அவள் கேட்ட கேள்விகளை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறார்கள்? சாப்பாடு எல்லோரோடும் உட்கார்ந்தா, தனியாகவா? உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்னால் இவருக்கு என்ன வேலை பிடிக்கும்?

"நல்லா காப்பி போடுவா" என்றார் என் மாமியார்.

"அப்போ காலைக் காப்பி வேலையை இவங்ககிட்டயே கொடுத்துடுங்க. முதல்ல சிந்தும், பால் பொங்கும். பக்கத்துல நில்லுங்க, ஆனா பிடுங்காதீங்க" என்றாள் அந்தப் பெண். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். மனநோய்க்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்டு என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். 1995 சட்டத்திலும் இருந்தது, 2016-ல் வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் இது தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன்.

பால் பொங்கத்தான் பொங்கியது. ஒரு மாசம் அடுப்பு மேடை துடைத்தே என் கை ஓய்ந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் காலைக் காப்பி என் நாத்தனார் கையால்தான்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் என் பெண். அதைத்தான் எழுதப் போகிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

என் மாமியார் வெற்றிலைப் பெட்டியை மூடவில்லை, தள்ளியே வைத்துவிட்டார். "நாளைக்கு உனக்கு வரன் பார்க்கறப்போ அந்தப் பேப்பர் எவன் கையிலாவது கிடைச்சா? பரம்பரைன்னு சொல்லிட மாட்டானா? அதுக்குத்தானே இத்தனை வருஷமா மூடி மூடி வச்சோம்?" என்றார். சகோதரிகளே, என் மனசிலும் அதே பயம்தான். மாமியார் வாயால் அது வரட்டும் என்று நான் சும்மா நின்றேன். விருந்தாளி வந்தால் நாத்தனாரைப் பின்கட்டுக்குப் போகச் சொல்வது யார்? நான்தான். கல்யாணம் காட்சி என்றால், "அவளுக்குத் தலைவலி, வரலை" என்று சொல்வதும் நான்தான். பத்து வருஷமாக அந்தத் தலைவலி தீரவில்லை.

என் பெண் அழுதுகொண்டே மாடிக்குப் போனாள். அங்கே ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. மாடிப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அத்தையைக் கேட்டியா?"

"அப்பாயிதான் வேணாம்னு சொல்றாங்க. அம்மாவும்..."

"அவங்க இருக்கட்டும். இது அத்தையோட கதை. அவங்ககிட்ட சம்மதம் வாங்காம நீ எழுதினா, நீ சேரப் போற படிப்போட முதல் பாடத்துலயே ஃபெயில். நம்மகிட்ட வர்றவங்க சொன்னதை அவங்க அனுமதி இல்லாம வெளியில சொல்லக் கூடாது. வீட்டு ஆளுக்கும் அதேதான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவளுக்கு என்ன தெரியும், அவளைப் போய்க் கேட்பதா என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவள் சம்பந்தப்பட்ட எதையும் அவளிடம் நாங்கள் கேட்டதில்லை. எந்த டாக்டர், எந்தப் புடவை, எந்த அறை, எல்லாம் நாங்களே முடிவு செய்வோம். கெட்ட எண்ணம் இல்லை. பழக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை காப்பி கலக்கும்போது என் பெண் கேட்டாள். நான் தோசைக்கு மாவு எடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். என் நாத்தனார் டபராவில் ஆற்றிக்கொண்டே ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதைப் படிக்கிறவங்க என்னைப் பார்க்க வருவாங்களா?" என்று கேட்டாள்.

"வர மாட்டாங்க அத்தை."

"அப்போ எழுது. என் பேரு வேணாம். ஊரு பேரும் வேணாம். பைத்தியம்னு எழுதாதே. நோயோட பேரை எழுதிக்கோ, சர்க்கரைன்னா சர்க்கரைன்னுதானே எழுதுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அன்னிக்கு ராத்திரி நீ கதவைத் தாழ் போட்டுக்கிட்டியே, அதையும் எழுது" என்றாள்.

மாவுக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. என் பெண்ணுக்குப் பதினோரு வயசு அப்போது. நாத்தனாருக்கு உடம்பு மோசமாக இருந்த ஒரு ராத்திரி, கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். பயந்துபோய் இந்தப் பெண் அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே நின்று, "பாப்பா, நான்தான், அத்தை" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். நாங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்தோம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இவளுக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் பத்து வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதைத்தான் எழுதினாள். ஏழைகளும் இல்லை, லட்சியமும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, தாழ் போட்டுக்கொண்டேன் என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் நோட்டோடு வந்த பெண் என்ன கேட்டாள், காப்பி வேலை எப்படி அத்தை கைக்கு வந்தது என்று எழுதி, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது தனக்கும் தெரிய வேண்டும் என்று முடித்திருந்தாள். நானூறு வார்த்தைகூட இல்லை. முதலில் தமிழில் எழுதிப் பிறகு இங்கிலீஷில் மாற்றினாள். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. என் மாமியாருக்குப் படித்துக் காட்டினோம். "காப்பி விஷயத்தை முதல்ல போட்டிருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முன் நானும் என் நாத்தனாரைக் கேட்டேன். நான் இங்கே புனைபெயரில்தான் எழுதுகிறேன் என்பது பழைய வாசகிகளுக்குத் தெரியும். அதே நிபந்தனைகள்தான் சொன்னாள், கூட ஒன்று சேர்த்தாள். "காப்பி நல்லா இருக்கும்னும் எழுதுங்க அண்ணி" என்றாள். எழுதிவிட்டேன். பொய்யும் இல்லை.

இனி மற்ற விவரங்கள். தேதிகளை முதலிலேயே பார்த்து வையுங்கள். எங்களுக்குத் தவறிப்போனது அதுதான். தமிழ்நாட்டுக் காலேஜ்களில் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் அப்ளிகேஷன் கொடுப்பார்கள். ஆனால் டாடா நிறுவனம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு க்யூட் பி.ஜி. என்ற அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். 2024-லும் 2025-லும் அந்தத் தேர்வு மார்ச் மாதத்தில் நடந்தது, பெயர் பதிவு தையோடு முடிந்துவிட்டது. நாங்கள் விசாரிக்க ஆரம்பித்ததே சித்திரையில்! உங்கள் பெண் கடைசி வருஷத்தில் இருக்கும்போதே, மார்கழியில் கோலம் போடும் நாளிலேயே, விசாரித்துவிடுங்கள்.

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஐந்து செமஸ்டர் மார்க்கோடு பல காலேஜ்களில் வாங்கிக்கொள்கிறார்கள். ஜாதிச் சான்றிதழ், மார்க் ஷீட்டுகள், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே காலேஜில், ஒரே படிப்புக்கு, இரண்டுக்கும் ஃபீஸ் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு, அதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று. அப்ளிகேஷனில் போன் நம்பர் என்று இருக்கும் இடத்தில் உங்கள் நம்பர்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். எங்களுக்குப் போட்டுக் கொடுத்த கடைக்காரர் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிட்டார். இன்டர்வியூ தேதி அவர் போனுக்கு வந்து கிடந்திருக்கிறது. இரண்டு நாள் முன்னால் இவர் தற்செயலாகக் காலேஜுக்குப் போன் செய்ததால் பிழைத்தோம். தட்கலில் டிக்கெட் எடுத்து, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே குளித்துவிட்டு ஓடினார்கள் அப்பாவும் பெண்ணும்.

இன்டர்வியூவுக்கு முன் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பு கொடுத்துப் பேசவிட்டார்களாம். "முதியோர் இல்லங்கள் தேவையா?" என்பது தலைப்பு. யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று பார்ப்பதில்லை, அடுத்தவர் பேசும்போது யார் காது கொடுக்கிறார்கள் என்றும் பார்க்கிறார்கள் என்று மாடிப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அப்புறம் மூன்று பேர் முன்னால் தனியாகப் போக வேண்டும். "உங்கள் தெருவைப் பெருக்க வருகிறவர் பெயர் என்ன?" என்று ஒருவர் கேட்டாராம். எட்டு வருஷமாக வருகிற அம்மாள்! இவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் நாத்தனார் சட்டென்று பெயரைச் சொன்னாள். தினம் அந்த அம்மாளுக்குக் காப்பி கொடுப்பவள் அவள்தானே.

அந்தக் கட்டுரையையும் கேட்டிருக்கிறார்கள். "இப்போது அதே மாதிரி ஒரு ராத்திரி வந்தால் என்ன செய்வாய்?" என்று. கதவைத் திறந்து வைப்பேன் என்று சொல்லத்தான் நினைத்தாளாம். வாயில் வரவில்லையாம். "தெரியலை மேடம். முதல்ல அம்மாவை எழுப்புவேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். போச்சு, கெடுத்துக்கொண்டாள் என்று நானும் இவரும் ஒரு வாரம் புலம்பினோம். ஒரு காலேஜில் வெயிட்டிங் லிஸ்டில் ஏழாவது. இன்டர்வியூ நடந்த காலேஜில் இடம் கிடைத்துவிட்டது.

பெண் பிள்ளைக்கு ஏற்றதா என்று கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை. களப்பணிக்குக் கண்ட இடத்தில் தனியாக விட்டுவிடுவதில்லை. போகிற இடத்தில் ஒரு மேற்பார்வையாளர், காலேஜில் ஒரு ஆசிரியர் என்று பொறுப்பு உண்டு. சேர்க்கும்போதே, யாரோடு அனுப்புவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், பஸ் செலவு யாருடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். செருப்பு மட்டும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள். நடை அதிகம். பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் யாராவது தங்களுக்கே ஆசைப்பட்டால், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு அஞ்சல் வழியாக இருக்கிறது. அதிலும் களப்பணி செய்துதான் ஆக வேண்டும்.

வரன் பார்க்கும்போது என்ன ஆகும் என்ற கவலை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் போன மாசம் என் தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு நாத்தனாரையும், வருகிறாயா என்று கேட்டு, அழைத்துப் போனேன். அரை மணி நேரம் இருந்தாள். கூட்டம் தாங்கவில்லை, போகலாம் என்றாள். வந்துவிட்டோம்.

என் பெண்ணுக்கு முதல் களப்பணி ஒரு ஆஸ்பத்திரியில். வாரம் இரண்டு நாள் போகிறாள். ராத்திரி போன் செய்தால் முதலில் அத்தையோடுதான் பேச்சு. அப்புறம்தான் என்னிடம் வரும். "யாரைப் பார்த்தே? என்ன வியாதி? வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று நான் ஆர்வமாகக் கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"அத்தைகிட்ட மட்டும் சொன்னியா?"

"அத்தைகிட்டயும் சொல்லலை. அத்தை கேட்கவும் இல்லை. சாப்பிட்டியா, கால் வலிக்குதான்னுதான் கேட்டாங்க."

ஹாஸ்டல் சாப்பாடு காரமே இல்லையாம். அடுத்த இதழில், ஒரு மாசம் கெடாமல் இருக்கும் பருப்புப் பொடி.